நாலு விரல் குறைய

கனரக வண்டி ஓட்ட எட்டாவது பாஸ் வேண்டும் என்று வந்துவிட்டது. நான் ஐந்தாவதோடு நின்றவன். செய்யூர் பக்கம் சவுக்குக் கட்டை ஏற்றுகிற டிராக்டரில் ஏறியவன், பிறகு இறங்கவில்லை. பள்ளிக்கூடமும் என்னைத் தேடவில்லை.

பிழைப்புக்கு ஊரப்பாக்கம் வந்தேன். டிராக்டரின் பின்னால் தண்ணீர் டேங்கை மாட்டி இழுத்துக்கொண்டிருந்தேன். ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டி அடுக்குமாடிகள் எழும்பிய வருஷங்கள் அவை. வீடு விற்றவர்கள் கார் நிறுத்த இடம் உண்டு, லிஃப்ட் உண்டு என்று சொன்னார்கள். தண்ணீரைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அதனால் எங்களுக்கு வேலை இருந்தது.

ஓனர் உள்ளூர்க்காரர். வேர்க்கடலை போட்ட நிலத்தில் பாதி மனைகளாகப் போனது. மீதியில் கிணறு இருந்தது. அந்தக் கிணறுதான் எங்கள் டேங்கை நிரப்பியது. பெரிய உடம்பு அவருக்கு. நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி கண்ணுக்குத் தெரியாது.

அவர் ஒரு பழைய பஸ் வாங்கினார். ஊரப்பாக்கத்திலும் செங்கல்பட்டிலும் ஆட்களை ஏற்றி, அணுபுரம் பக்கம் வேலைக்குக் கொண்டுபோய் விட்டு, சாயந்திரம் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதற்கு ஒப்பந்தம் எடுத்திருந்தார்.

"பேட்ஜ் எடுத்துகினு வந்தா பஸ்ஸு உன் கையில," என்றார். "எட்டாவது பரீட்ச ரிசல்ட்டு வர்ற வரிக்கும் பாப்பேன். இல்லாங்காட்டி வேற ஆள் கீறான்."

வேற ஆள் இருந்தது உண்மை. பேட்ஜ் வைத்திருந்தான். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் இறங்கிப் போய் வேறு யாரையாவது கூட்டி வருவான். ஆனாலும் பேப்பர் அவனிடம் இருந்தது.

எனக்கு அந்த பஸ் வேண்டும். டிராக்டர் சீட்டில் இடுப்பு போய்க்கொண்டிருந்தது. என் சம்சாரத்துக்கு என்னைவிட அதிகமாக வேண்டும். தண்ணீர் வண்டிக்கு நேரம் காலம் கிடையாது. எவன் வீட்டு மோட்டார் காற்று வாங்குகிறதோ அவன் அப்போதே கூப்பிடுவான். நானும் அவளும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது பண்டிகை நாட்களில்தான். பஸ் என்றால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்துவிடலாம்.

தனித்தேர்வுக்கு எழுதிப் போட்டேன். என் மச்சானும் போட்டான். மச்சான் என்றால் அவள் தம்பி. மாமல்லபுரத்தில் சிலை ஏற்றுகிற லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். ஏழாவதில் நின்றவன். என்னைவிட இரண்டு வகுப்பு பெரியவன் என்ற நினைப்பு அவனுக்கு எப்போதும் உண்டு.

மற்ற பாடங்கள் எப்படியோ தலையில் ஏறின. கணக்கிலும் வட்டி, சராசரி வரைக்கும் வண்டி ஓடியது. கன அளவு என்று ஒரு பாடம் வந்தது. அங்கே டயர் புதைந்தது.

சம்சாரம் பத்தாவது பாஸ். வாத்தியார் அவள்தான். தரையில் நோட்ஸை விரித்துப் படித்தாள்.

"ஒரு பாத்திரத்தில் நீர் நிரம்பியுள்ளது. அதில் ஒரு திண்மக் கோளம் முழுவதும் மூழ்குமாறு இடப்படுகிறது. வெளியேறும் நீரின் கன அளவைக் காண்க."

"வெளிய வராது," என்றேன்.

"ஏன் வராது?"

"நாலு விரல் கீதுல்ல."

"எங்க கீது?"

"மேல."

அவள் நோட்ஸை ஒருமுறை பார்த்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள்.

நான் சொன்னதில் தப்பு இல்லை. டேங்கை யாரும் வாய் வரைக்கும் நிரப்ப மாட்டோம். மூடிக்குக் கீழே நாலு விரல் விட்டு மோட்டாரை நிறுத்துவோம். அதற்குப் பெயர்தான் நிரம்பியது. அதற்கு மேல் ஊற்றினால் மேட்டில் ஏறும்போது பின்னால் வருகிற ஸ்கூட்டர்காரன் குளித்துவிடுவான். சோப்பு கேட்க மாட்டான். வேறு என்னென்னவோ கேட்பான்.

"புக்குல நாலு விரல்னு போடல," என்றாள்.

"போட மாட்டான். எல்லாருக்கும் தெரிஞ்சதுதான."

"எல்லாருக்கும்னா யாருக்கு?"

"டேங்க்காரனுக்கு."

"புக்கு எழுதுனவன் டேங்க்காரனா?"

டேங்க்காரனாக இருந்தால் தண்ணீருக்குள் உருண்டையைப் போட்டிருக்க மாட்டான்.

அவள் எழுந்து போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். விளிம்புக்கு மேல் தண்ணீர் தொப்பை போட்டு நின்றது. மூச்சு விட்டால் வழிந்துவிடும்.

"இது நெம்பிச்சா?"

"இத்த எட்த்துகினு நாலு அடி நட, பாக்கலாம்."

"நான் ஏன் நடக்கணும்? சொம்பு இங்கியே இருக்கும். நெம்பிச்சா, இல்லியா?"

"நெம்பிச்சு."

"புக்குல நெம்பிச்சுன்னா இதுதான். உன் டேங்க்க வாசல்ல வுட்டுட்டு வந்து குந்து."

ஒரு கேரட்டை நுனி கீழே போகும்படி பிடித்து மெதுவாக விட்டாள். தண்ணீர் வழிந்து என் கால் பக்கம் வந்தது. கூம்பு என்றாள். வழிந்த தண்ணீர் கேரட்டின் அளவு என்றாள். பிறகு அந்தக் கேரட்டை எடுத்துச் சாம்பாருக்கு நறுக்கினாள். மறுநாள் சாப்பிடும்போது என் தட்டைக் காட்டி, "கூம்போட கன அளவு சொல்லிட்டுத் துன்னு," என்றாள். சோறு ஆறிப்போனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சான் வந்துவிடுவான். இரண்டு பேரும் சேர்ந்து படிப்பதாகப் பேச்சு.

கோளத்துக்கு நான் ஒரு தேங்காயை உரித்துக் கொண்டுவந்தேன். அது மிதந்தது. முழுவதும் மூழ்குமாறு என்று நோட்ஸில் இருந்தது. மச்சான் விரலால் அமுக்கினான்.

"விரலும் உள்ள போவுது மாமா. அதையும் கணக்குல சேத்துக்கோ."

"உன் விரலுக்கு ஆரம் இன்னா?" என்றாள் சம்சாரம்.

அவன் விரலைப் பார்த்தான். "நகத்தோடயா, நகம் இல்லாமயா?"

தேங்காய் அவன் விரலுக்குக் கீழே புரண்டு எகிறியது. மூன்று பேர் முகத்திலும் தண்ணீர்.

அடுத்து கனச்செவ்வகம். நான் ஒரு செங்கல் எடுத்துவந்தேன். அலுமினியக் குண்டானில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிக் கல்லை இறக்கினோம். கொஞ்சம் வழிந்தது. பிறகு கல்லிலிருந்து முட்டை முட்டையாகக் குமிழி வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் விளிம்பை விட்டுக் கீழே இறங்கியது. செங்கல் குடித்துக்கொண்டிருந்தது.

"வெளிய போன தண்ணியவிட உள்ள போன தண்ணி ஜாஸ்தி," என்றான் மச்சான். "இத்த எந்தப் பக்கம் கூட்டறது?"

"இது திண்மமே இல்ல," என்றாள் அவள்.

"வூடு இதுலதான் கட்றாங்க," என்றேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. தம்பியைப் பார்த்துச் சொன்னாள்: "டேய், மாபலிபுரம் ஃபுல்லா கல்லாத்தான கெடக்குது. உருண்டையா ஒண்ணு, கூம்பா ஒண்ணு, உருளையா ஒண்ணு கொண்டா. தண்ணி குடிக்காத கல்லா பாத்து எடு."

அடுத்த ஞாயிறு கோணியில் மூன்று கல்லோடு வந்தான். ஒரு சிற்பக் கூடத்தில் கழித்துப் போட்டவை. கேட்டுத்தான் எடுத்தேன் என்று சத்தியம் செய்தான். கூம்பு, ஏதோ கோபுரத்துக்குச் செய்து நுனி உடைந்தது. உருண்டை, தோட்டத்தில் வைப்பதற்கு உருட்டிப் பாதியில் விட்டது. உருளையைப் பார்த்ததும் அவள் இரண்டு அடி பின்னால் போனாள்.

"டேய், இது லிங்கம்டா."

"ஆவல. விரிசல் வுட்டுச்சின்னு பாதியிலயே நிறுத்திட்டாங்க. பூசையே நடக்கல."

"இத்தப் போயி தண்ணியில போட்டு அளக்கறதா?"

"அபிஷேகம்னு நெனச்சிக்கக்கா."

அவள் கைகால் கழுவிக்கொண்டு வந்துதான் அதைத் தொட்டாள். பக்கெட் தண்ணீரில் மெதுவாக இறக்கினாள். வழிந்த தண்ணீரை அளந்தாள். பிறகு நூல் வைத்துச் சுற்றளவு எடுத்து, உயரம் எடுத்து, கணக்குப் போட்டாள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தது. அவளுக்கு முகம் மலர்ந்தது. சாமி கைவிடவில்லை என்றாள். மேலே உருண்டிருக்கிற இடத்தை எப்படிக் கணக்குப் போட்டாய் என்று மச்சான் கேட்டான். அதைக் கேட்கக் கூடாது என்றாள்.

உருண்டையை அவன் கையில் கொடுத்தது எங்கள் தப்பு. நோட்ஸில் இடப்படுகிறது என்றுதான் இருந்தது. அவன் போட்டான். பக்கெட்டின் அடி கழன்றது. வீடு முழுக்கத் தண்ணீர். பாய் நனைந்தது, நோட்ஸ் நனைந்தது, மூலையில் அரிசி மூட்டை நனைந்தது. உருண்டை உருண்டு போய் வாசற்படியில் நின்றது.

மச்சான் விரலால் காற்றில் எழுதினான். "வெளியேறிய நீரின் கன அளவு, ஒரு பக்கெட்."

"இனிமே என் வூட்டுல தண்ணிக் கணக்கு கெடையாது," என்றாள் அவள்.

எங்கள் தெருவில் குழாய் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். தண்ணீர் வண்டி ஓட்டுகிறவன் வீட்டில் தண்ணீரைத் தரையில் கொட்டிப் படிக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு வந்துவிட்டது. அதனால் படிப்பைக் கிணற்றடிக்கு மாற்றினோம். பம்புசெட் பக்கத்தில் வாய் அறுத்த நீல டிரம் ஒன்று கிடந்தது. அங்கே எவ்வளவு கொட்டினாலும் வாய்க்காலில் ஓடி வேர்க்கடலைக்குப் போய்ச் சேரும். யாரும் கேட்க முடியாது.

அன்றைக்கு மச்சான் எங்கள் வீட்டில் கிடந்த கல்லை எடுத்துவர மறந்து வந்தான்.

"உருண்டை இல்ல, கூம்பு இல்ல. எத்தப் போடறது?" என்றேன்.

சம்சாரம் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "இவனப் போடு."

"நான் எந்த வடிவம்கா?"

"எதுவும் இல்ல. அதான் நல்லது. உனக்கு வாய்ப்பாடு கெடையாது. தண்ணி வச்சிதான் அளக்கணும்."

வழிகிற தண்ணீர் வாய்க்காலில் ஓடிவிடுமே, எப்படி அளப்பது என்று நான் கேட்டேன்.

"ஓடட்டும்," என்றாள். "அவன் வெளிய வந்ததுக்கு அப்பால எத்தினி கொடம் ஊத்துனா டிரம் திரும்ப நெம்புதோ, அவ்ளோதான் அவன்."

டிரம்மை விளிம்பு வரை நிரப்பினோம். எனக்குக் கை வரவில்லை. நாலு விரல் இருக்கும்போதே மோட்டாரை அணைக்கப் போனேன். அவள் கையைத் தட்டிவிட்டாள். மச்சான் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினான். மூக்கைப் பிடித்துக்கொண்டு குந்தினான். தலை மறைந்தது. நாலா பக்கமும் தண்ணீர் வழிந்து, பிறகு நின்றது. அவன் எழுந்து வெளியே வந்து சொட்டிக்கொண்டு நின்றான். டிரம்மில் ஒரு பள்ளம் தெரிந்தது.

நான் குடம் குடமாக ஊற்றினேன். நாலு குடம் போனது. மேலே ஒரு சொம்பு.

"நாலு கொடமும் ஒரு சொம்பும்," என்றாள் அவள். "எங்கம்மா பெத்தது இவ்ளோதான்."

எனக்கு அன்றைக்குத்தான் பாடம் புரிந்தது. ஒருவன் வந்து உட்கார்ந்தால் அவன் அளவுக்குத் தண்ணீர் எழுந்து இடம் விடுகிறது. உருண்டையோ கூம்போ மச்சானோ, தண்ணீருக்கு எல்லாம் ஒன்று. இதை நோட்ஸில் இப்படி எழுதியிருந்தால் நான் ஐந்தாவதோடு நின்றிருக்க மாட்டேன்.

மச்சானுக்குச் சந்தேகம். மூச்சை இழுத்துப் பிடித்தால் அவன் இன்னும் பெரிய ஆளாக இருப்பானாம். மறுபடி இறங்கினான். அவன் உள்ளே முங்கியிருக்கும்போது ஓனரின் டிவிஎஸ் வந்து நின்றது. அவர் கண்ணுக்குத் தெரிந்தது, ஒரு டிரம்மும், அதை முறைத்துக்கொண்டு நிற்கிற நானும் என் சம்சாரமும். பிறகு டிரம்முக்குள்ளிருந்து ஒரு தலை எழும்பியது.

"இன்னாடா பண்றீங்க?"

"படிக்கிறோம்ணே," என்றேன்.

அவர் வண்டியை அணைத்தார். "ஆரு, நீயா?"

"ரெண்டு பேரும்."

சம்சாரம் நோட்ஸைக் காட்டி விளக்கினாள். அவர் நின்று முழுவதையும் கேட்டார். நான் நினைத்ததைவிடக் கவனமாகக் கேட்டார்.

"இந்தப் பையன் நாலு கொடமா?"

"நாலு கொடமும் ஒரு சொம்பும் அண்ணாத்த," என்றான் மச்சான்.

"அப்ப நானு?"

நான் மச்சானுக்குக் கண்ணைக் காட்டினேன். அவன் பார்க்கவில்லை. பார்த்தும் இருக்கலாம்.

"நீங்க ஒரு ஆறு இருப்பீங்க."

"ஆறா?" ஓனருக்கு முகம் சுருங்கியது. "துன்ற சோறெல்லாம் எங்கடா போவுது? எட்டுக்குக் கொறைய மாட்டேன்."

"சொன்னா எப்பிடி அண்ணாத்த? எறங்குனாத்தான் தெரியும்."

சட்டையைக் கழற்றி பம்பு குழாய்மேல் மாட்டினார். நான் வேண்டாம்ணே என்றேன். கிணறு என்னுது, டிரம்மு என்னுது, தண்ணி என்னுது, உனக்கு இன்னா என்றார். இரண்டு பேர் கைகொடுத்து ஏற்றிவிட்டோம். அவர் கால் வைத்ததும் தண்ணீர் வாய்க்காலுக்கு ஓட ஆரம்பித்தது. நெஞ்சு வரைக்கும் நின்றார். வயிறு டிரம்மை அடைத்துக்கொண்டது.

"தல முங்கணும் அண்ணாத்த. முழுவதும் மூழ்குமாறுன்னு போட்டுக்கீது."

அவர் மூக்கைப் பிடித்துக் குந்தினார். தலை உள்ளே போனது. தண்ணீர் பொங்கி வந்து எங்கள் கால்களை நனைத்தது. தலை வெளியே வந்தது. தலை மட்டும்தான் வந்தது.

"ஏந்திரிங்கண்ணே," என்றேன்.

"ஏந்திரிக்கத்தான்டா பாக்கறேன்."

முழங்கால் இரண்டும் ஒரு பக்கம் முட்டிக்கொண்டிருந்தது. முதுகு மறுபக்கம். ஆளுக்கு ஒரு கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினோம். டிரம்மும் கூடவே வந்தது. கீழே வைத்தோம். மறுபடி தூக்கினோம். மறுபடி வந்தது.

சம்சாரம் வேர்க்கடலைப் பக்கம் திரும்பி நின்றாள். செடியைப் பார்க்கிற மாதிரி இருந்தது. தோள் மட்டும் குலுங்கியது.

"டேய், ஊர்ல எவனும் வர்றதுக்குள்ள எதுனா பண்ணுங்கடா."

டிரம்மைச் சாய்ப்பதைத் தவிர வழி இல்லை. சாய்த்தோம். தண்ணீரோடு தண்ணீராக அவரும் வழுக்கி வந்து சேற்றில் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"எத்தினி?"

"கணக்கு போச்சுண்ணே," என்றேன். "மிச்சம் இருந்த தண்ணியும் கீழ வந்துட்ச்சி."

"அப்ப?"

"இன்னொரு வாட்டி எறங்கணும்."

அவர் என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எழுந்து போய்ச் சட்டையை மாட்டினார். டிவிஎஸ்ஸை உதைத்தார். அதுவும் உடனே கிளம்பவில்லை. கிளம்பிய பிறகு சொன்னார்.

"ரிசல்ட்டு வரட்டும். ஒரு மார்க்கு கம்மியானாலும் பஸ்ஸு அவனுக்குத்தான். சொல்லிட்டேன்."

வண்டிச் சத்தம் அடங்கும்வரை நின்றோம்.

"ஏழு இருப்பாரு மாமா," என்றான் மச்சான்.

"எட்டு," என்றாள் அவள். திரும்பாமலே சொன்னாள்.

நான் சிரிக்கவில்லை. என் பஸ் அந்த வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு நன்றாகப் படித்தேன். டேங்க் நிரம்பக் காத்திருக்கிற நேரமெல்லாம் மடியில் நோட்ஸ். ஓனர் கிணற்றடிக்கு வந்தால் பேசமாட்டார். டிரம்மை மட்டும் ஒருமுறை பார்ப்பார். பிறகு அதை யாரோ எடுத்துப்போய்விட்டார்கள்.

பரீட்சை செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. பெஞ்சு சின்னப் பிள்ளைகளுக்குச் செய்தது. முழங்கால் இடித்தது. எனக்கு ஓனர் ஞாபகம் வந்தது, அடக்கிக்கொண்டேன். சுற்றிலும் என்னைப் போலத்தான். மீசை நரைத்தவர்கள், காக்கிச் சட்டைக்காரர்கள். எல்லோருக்கும் வேண்டியது அதே பேட்ஜ்.

கணக்குத் தாளில் வட்டி வந்தது, போட்டேன். சராசரி வந்தது, போட்டேன். கடைசிப் பக்கத்தில் பெரிய கேள்வி.

ஒரு தண்ணீர் வண்டியின் தொட்டி கனச்செவ்வக வடிவம். நீளம் இரண்டு மீட்டர், அகலம் ஒரு மீட்டர், உயரம் ஒரு மீட்டர். அதில் நீர் நிரம்பியுள்ளது. இருபது சென்டிமீட்டர் பக்கம் உள்ள திண்மக் கனசதுரம் ஒன்று அதில் முழுவதும் மூழ்குகிறது. வெளியேறும் நீர் எவ்வளவு?

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. இத்தனை நாளும் பாத்திரம், குவளை, கொள்கலன் என்று கேட்டார்கள். இப்போதுதான் வண்டியைப் பற்றிக் கேட்டார்கள். என் வண்டி. கண்ணை மூடினால் அதன் மூடி தெரிந்தது.

முதலில் கல்லின் அளவு போட்டேன். எட்டாயிரம் கன சென்டிமீட்டர். எட்டு லிட்டர். பிறகு என் விரலை அடிக்குச்சியில் வைத்து அளந்தேன். நாலு விரல், ஏழு சென்டிமீட்டர். நீளத்தோடும் அகலத்தோடும் பெருக்கினேன். மேலே காலி இடம் நூற்றிநாற்பது லிட்டர். எட்டு லிட்டர் கல் அதில் எந்த மூலைக்கு? தெளிவாக எழுதினேன். நீர் வெளியேறாது. அடியில் இரண்டு கோடு போட்டேன். நேரம் மிச்சம் இருந்ததால் கோட்டைத் திருத்தி நேராக்கினேன்.

வாசலில் சம்சாரம் குடையோடு நின்றிருந்தாள். மச்சான் எனக்கு முன்பே வந்து நின்றான்.

"எட்டு லிட்டர் தான மாமா?"

"வழியாது," என்றேன்.

"இன்னாது வழியாது?"

"தண்ணி."

சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் காதிலும் விழுந்தது. குடையை மடக்கினாள். ஸ்டேஷனுக்கு நடந்தோம். ரயிலில் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். பரனூர் போனது. சிங்கப்பெருமாள் கோயிலில்தான் வாயைத் திறந்தாள்.

"நாலு விரலா?"

"ம்."

"வண்டின்னு போட்டிருந்தானா?"

"ம்."

மறைமலைநகர் போனது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். பொத்தேரி தாண்டியதும் சத்தம் வந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தாள். மச்சானும் ஆரம்பித்தான். எதிரே கீரைக் கூடையோடு இருந்த அம்மா என்ன விஷயம் என்றே தெரியாமல் சிரித்தாள். ஊரப்பாக்கம் வந்து இறங்கும்வரை நான் மேலே இருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஓடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கேள்விக்குப் பத்து மதிப்பெண். மற்றதில் எது சரி, எது தப்பு என்று மீண்டும் மீண்டும் போட்டுப் பார்த்தாள். ஒருமுறை பாஸ் வந்தது. ஒருமுறை வரவில்லை. பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள். நான் தண்ணீர் வண்டிக்குப் போனேன். ஓனர் வீட்டு வாசலில் வேற ஆள் பஸ்ஸின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துத் தலையாட்டினான். நானும் ஆட்டினேன்.

ரிசல்ட் வந்தது. பிரவுசிங் சென்டரில் அவள்தான் உட்கார்ந்து பார்த்தாள். நான் வெளியே டிராக்டரில் இருந்தேன். காகிதத்தோடு வந்து டயர் பக்கத்தில் நின்று படித்தாள். முதலில் தம்பி மதிப்பெண்ணை எல்லாம் படித்தாள். அவன் பாஸ். பிறகு என் தமிழ். என் இங்கிலீஷ். என் அறிவியல். என் சமூக அறிவியல். காகிதத்தை மடித்தாள்.

"கணக்கு?" என்றேன்.

"எது?"

நான் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன்.

"முப்பத்தொம்போது," என்றாள். "கல்ல மட்டும் ஒழுங்கா அளந்தல்ல. அதுக்கு எதுனா போட்டிருப்பான்."

முப்பத்தைந்து வந்தால் போதும். நான் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினேன். அவள் மட்கார்டில் ஏறி உட்கார்ந்தாள். அதற்கு முன்பு ஒருநாளும் ஏறியதில்லை. நேராக ஓனர் வீட்டுக்குப் போனோம்.

அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். காகிதத்தை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கணக்குல ஏன் இவ்ளோ கம்மி?"

அவள் சொல்லிவிட்டாள். வண்டி, தொட்டி, கல், நாலு விரல், எல்லாம் சொன்னாள். போச்சு என்று நினைத்தேன்.

ஓனர் காகிதத்தைக் கீழே வைத்தார்.

"வழியாதுன்னா எழுதுன?"

"ஆமாண்ணே."

"சரியாத்தான்டா எழுதிக்கீற. வாய் வரிக்கும் ரொப்பிகினு எவன் வண்டிய எடுப்பான்?" அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "இதுக்கு மார்க்கு கொறச்சானா? அவன ஒருநாள் டேங்க்கு ஓட்டச் சொல்லு. ஜிஎஸ்டி ரோட்ல அடி வாங்குவான்."

உள்ளே போய் பஸ் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அந்த டிரம்மு சமாச்சாரம் பஸ்ஸுல வர்ற ஆளுங்களுக்குத் தெரிய வாணாம்."

"சரிண்ணே."

பேட்ஜ் வர இன்னும் கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது. வந்தது. முதல் நாள் காலையில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஊரப்பாக்கத்தில் ஏற்றினேன். செங்கல்பட்டில் ஏற்றினேன். எல்லோரும் இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அட்டை, கையில் டிபன் பை. திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால் ஒரு ரயில்வே கேட் இல்லை, மேடு இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு மாடு படுத்திருந்தது. அதற்காக நிறுத்தினேன். பஸ் அணைந்தது. பேட்டரியில் உயிரில்லை.

திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எறங்கணும் சார்," என்றேன்.

"டிரைவர், இது தெனமுமா?" என்று முன் சீட்டுக்காரர் கேட்டார்.

"இன்னிக்கு மட்டும்தான் சார்."

இறங்கினார்கள். பைகளைச் சீட்டில் வைத்துவிட்டு, கழுத்து அட்டையை முதுகுப் பக்கம் போட்டுக்கொண்டு தள்ளினார்கள். மாடு எழுந்து வழிவிட்டது. கியரில் போட்டு கிளட்ச்சை விட்டேன். இன்ஜின் பிடித்துக்கொண்டது. நிறுத்தினால் அணைந்துவிடும். அதனால் நிறுத்தவில்லை. மெதுவாக ஓட்டிக்கொண்டே போனேன். அவர்கள் ஓடி வந்து ஒவ்வொருவராக ஏறினார்கள்.